பூட்டன் சுமந்த நீலக் கதவு

குடும்ப வரலாற்றை நாவலாக எழுதுகிறவர்கள் முதல் பக்கத்திலேயே ஒரு மரத்தை வரைந்து வைத்துவிடுகிறார்கள். உச்சியில் மீசை வைத்த ஒரு மூதாதை, அவருக்குக் கீழே இரண்டு மனைவிகள், அவர்களுக்குக் கீழே பதினொரு பிள்ளைகள். நடுக்கதையில் யார் யாருக்குச் சித்தப்பன் என்று குழம்பினால் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இந்த மரங்களைக் கண்டால் எனக்குப் பொறாமையாக இருக்கும். எங்கள் குடும்பத்துக்கு ஒரு மரம் வரைந்தால் அது கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி மாதிரி முழங்கால் உயரத்தில் நின்றுவிடும்.

இதை நான் சோதித்தே பார்த்திருக்கிறேன். எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கிய சமயம். எனக்கு இருபத்து மூன்று வயது. நோர்வூட்டுக்கு மேலே, எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியர். மலையகத்தின் மாபெரும் நாவலை நான்தான் எழுதப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒரு கொப்பி வாங்கி, ‘முதலாம் பாகம்’ என்று எழுதி அடிக்கோடிட்டு, அடுப்படியில் குளிர் காய்ந்துகொண்டிருந்த அப்பாவிடம் போய், நம்முடைய குடும்ப வரலாற்றைச் சொல்லுங்கள் என்றேன்.

அப்பா யோசித்தார். கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கைகளைத் தணலுக்கு மேலே திருப்பித் திருப்பிக் காட்டினார்.

“எங்கப்பா மலையில வேல செஞ்சாரு. அவங்கப்பாவும் மலையிலதான். அதுக்கு முந்தி கப்பலு.”

“கப்பலுக்கு முந்தி?”

“கப்பலுக்கு முந்தி எனக்கு எப்பிடிடா தெரியும்? நானா ஓட்டிக்கிட்டு வந்தேன்?”

முதலாம் பாகம் அத்தோடு முடிந்தது. கொப்பியின் மீதிப் பக்கங்களைத் தங்கச்சி பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டாள்.

அந்த மாதமே ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பழைய புத்தகங்களும் பழைய வினாத்தாள்களும் விற்கும் கடையொன்றில் ஓர் ஆங்கில நாவல் அகப்பட்டது. முன்னட்டை இல்லை. தலைப்பும் எழுதியவர் பெயரும் இருந்த தாளும் இல்லை. பின்னட்டை மட்டும் இருந்தது. பிரேசில் நாட்டின் இக்கால நாவல், ஒரு குடும்பத்தின் ஐந்து தலைமுறைக் கதை என்று அதில் போட்டிருந்தது. உள்ளே புரட்டினால், அந்தக் குடும்பம் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறது. தோட்டத்தில் வேலை செய்கிற குடும்பத்துக்கும் ஐந்து தலைமுறை உண்டு, அதை அச்சடிக்கவும் செய்கிறார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தியாக இருந்தது. பஸ்ஸிலேயே பத்துப் பக்கம் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

அந்த வாரம் எங்கள் ரேடியோவுக்கு பேட்டரி தீர்ந்திருந்தது. அதனால்தான் எல்லாம் நடந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். சாயங்காலம் அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருக்க, அப்பா சும்மா இருக்க முடியாமல், “அப்பிடி என்னதான் போட்டிருக்கான் அதுல? வாய்விட்டுச் சொல்லேன்” என்றார். நான் ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் பக்கத்துக் காம்பராச் சித்தப்பா பலகைக் கட்டையோடு வந்து உட்கார்ந்தார். சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பி அல்ல. ஒரே கூரைக்கடியில் வரிசை வீடுகளாக இருந்த எங்கள் லயத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர். சுவர் கூரைவரை எட்டாததால் அவர் முதல் இரண்டு நாளும் தன் வீட்டிலிருந்தபடியே கேட்டிருக்கிறார். ஐந்தாம் நாள் லயத்தின் கோடிக் காம்பரா அத்தையும் வந்துவிட்டார். அத்தை கொழுந்தெடுக்கிறவர், கணவனை இழந்தவர், எதற்கும் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாதவர்.

என் மொழிபெயர்ப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் வினாத்தாள் ஆங்கிலம். அர்த்தம் தெரியாத சொல் வந்தால் நிறுத்தாமல், ‘அப்ப மழை பெஞ்சுச்சு’ என்று சொல்லிக் கடந்துவிடுவேன். நாவலின் முதல் பாகமே பெரும் வறட்சியைப் பற்றியது.

“நாலு வருசமா மழையே இல்லங்கற. பெறகு வாரத்துக்கு மூணு தரம் பெய்யுதுங்கற” என்றார் சித்தப்பா.

“பிரேசில்ல அப்பிடித்தான் சித்தப்பா.”

“அப்ப நம்ம பொகவந்தலாவ மாதிரின்னு சொல்லு.”

இரண்டாவதாக, தோட்டத்து முதலாளியைத் துரை ஆக்கினேன். மேற்பார்வைக்காரன் கங்காணி ஆனான். காலையில் அவர்கள் வரிசையில் நின்றதைப் பெரட்டு என்றேன். மூன்றாவதுதான் பெரிய தவறு. அந்த நாவலில் ஒவ்வொருவருக்கும் ஒரு முழம் நீளத்துக்குப் பெயர், எல்லாம் போர்த்துக்கேயப் பெயர். நாங்கள் குடியிருந்த காம்பராவும் அதன் ஜன்னலும் சாவியும்கூடப் போர்த்துக்கேயச் சொற்கள்தாம் என்றாலும், ஆட்களின் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. எனவே பெயர்களை விட்டுவிட்டேன். கதைக்குத் தலைவரான அந்த முதல் தலைமுறைக் கிழவரைப் ‘பூட்டன்’ என்றேன். அவர் மனைவி ‘பூட்டி’. யாருடைய பூட்டன் என்று நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

பூட்டன் செய்த பெரிய காரியம் இது. ஊரில் எல்லாம் காய்ந்துபோய், காப்பி மலைக்குப் பிழைக்கப் போகும் நாளில், அவர் வீட்டு வாசற்கதவைக் கழற்றி முதுகில் கட்டிக்கொள்கிறார். அவருடைய அப்பா செய்த கதவு. காற்றுக்கு விட்டுப் போக மனம் வரவில்லை. நாற்பது நாள் நடக்கிறார்கள். ஆற்றைக் கடக்கும்போது பிள்ளையைக் கதவில் வைத்துத் தள்ளுகிறார்கள். தோட்டத்துக்கு வந்தால், கொடுத்த வீட்டில் ஏற்கெனவே ஒரு கதவு இருக்கிறது. துரை இரண்டாவது கதவுக்கு அனுமதி தரவில்லை. கதவு சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதில் சாப்பிடுகிறார்கள், அதில் பிள்ளை பெறுகிறார்கள், செத்தவர்களை அதில் கிடத்துகிறார்கள்.

“கதவு என்னா கலரு?” என்று அத்தை கேட்டார்.

புத்தகத்தில் நிறமே இல்லை. அந்த வருடம் தோட்டத்தில் எங்கள் லயத்துக் கதவுகளுக்கு நீலம் அடித்திருந்தார்கள். “நீலம்” என்றேன்.

அம்மாவுக்கு மட்டும் பூட்டனைப் பிடிக்கவில்லை. “நாலு சட்டி பானையத் தூக்கியாந்திருந்தா பூட்டிக்கு ஒதவியிருக்கும். ஆம்பளைங்க புத்தி” என்றார். அப்பாவுக்குப் பூட்டன்மேல் குறையில்லை, பிரேசில்மேல்தான் கோபம். எங்கள் தோட்டமும் முதலில் காப்பித் தோட்டமாக இருந்து, நோய் விழுந்து காப்பி செத்த பிறகுதான் தேயிலைக்கு மாறியது. “இங்க செத்ததும் அவனுங்க வித்துச் சம்பாதிச்சானுங்க” என்பார். ஆனால் பூட்டன் அதற்குப் பொறுப்பில்லை என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார், பூட்டன் கூலியாள்.

நாவல் முக்கால்வாசி முடிந்திருந்தபோது கடிதம் வந்தது.

எங்களைப் போன்றவர்கள் அப்போது எந்த நாட்டுக்கும் ஆட்கள் இல்லை. இரண்டு அரசாங்கங்களும் பேசி எங்களைப் பங்கு பிரித்திருந்தன. இந்தியாவுக்குப் போக மனுப் போட்டவர்கள் ரயிலேறிக்கொண்டிருந்தார்கள். அப்பா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவருடைய மனுவில்தான் அம்மா, நான், தங்கச்சி எல்லோரும் அடக்கம். அது நிராகரிக்கப்பட்டால் நாங்களும் ஒரு நாள் பெட்டி கட்ட வேண்டும், யாருக்கும் பெயர் தெரியாத ஓர் ஊருக்கு. எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. பிரஜை அல்லாதவனை அரசாங்கம் நிரந்தர ஆசிரியர் ஆக்காது. அடுத்த வருடத்துக்குள் பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைக்காவிட்டால் என் வேலை போய்விடும் என்று தலைமை ஆசிரியர் சொல்லியிருந்தார். விசாரணைக்கு வரும்படி அப்பாவுக்குக் கடிதம். அதே நாளில் வரச்சொல்லிச் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும்.

பிஸ்கட் டின்னில் கிடந்த பத்திரங்களை நான் அடுக்கினேன். அப்பாவின் பிறப்புச் சான்றிதழ், தோட்டத்துக் கந்தோரில் கிளார்க்கிடம் வாங்கிய கடிதம், பழைய அரிசிக் கூப்பன் புத்தகம். எல்லாம் சரியாக இருந்தன.

“பரம்பரையப் பத்திக் கேட்டா என்னா சொல்றது?” என்றார் அப்பா.

“அதெல்லாம் கேக்க மாட்டாங்கப்பா.”

மாபெரும் நாவலாசிரியனின் தீர்க்கதரிசனம் அவ்வளவுதான்.

விசாரணை ஹட்டனில், ஒரு மாடிக் கட்டிடத்தில். அப்பா கல்யாணங்களுக்குப் போடும் கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தார். காத்திருக்கும் நேரத்தில் படிக்கலாம் என்று நாவலைப் பைக்குள் வைத்திருந்தேன். இன்னும் அறுபது பக்கம் மிச்சம். அத்தையை முதலில் கூப்பிட்டார்கள். கால் மணி நேரத்தில் சிரித்த முகத்தோடு வந்தார். அடுத்துச் சித்தப்பா. அவரும் சிரித்தபடியே வந்து, “நல்ல மனுசன். பூட்டனப் பத்தியெல்லாம் விசாரிச்சாரு” என்றார். அதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். அதற்குள் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அதிகாரி சிங்களவர், கண்ணாடி போட்டவர், தடிமன் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தவர். பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். பத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எல்லாம் முடிந்ததுபோலத்தான் இருந்தது. பிறகு பேனாவை வைத்துவிட்டு ஏதோ கேட்டார்.

“ஒங்க குடும்பத்துல மொதல்ல இங்க வந்தது யாருன்னு ஐயா கேக்குறாரு” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

“எங்க பூட்டனுங்க” என்றார் அப்பா.

“எந்த ஊர்லேருந்து?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

“திருச்சிப் பக்கம்னு சொல்லுவாங்க. ஊருப் பேரு தெரியாதுங்க. ஆனா ஒண்ணு தெரியும். அங்க மழ தண்ணி இல்ல. கெளம்புற அன்னைக்கி வாசக்கதவக் கழட்டி முதுகுல கட்டிக்கிட்டாரு. தலைமன்னார்ல எறங்கி, மாத்தள வரைக்கும் கதவோடயே நடந்து வந்தாரு.”

நான் அப்பாவின் கோட்டைப் பிடித்து இழுத்தேன். அவர் கையைத் தட்டிவிட்டார். மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொல்லி முடிப்பதற்குள் அதிகாரியின் தலை நிமிர்ந்தது.

“ஆயெத் தொரக்த?” என்றார். மறுபடியும் ஒரு கதவா என்று கேட்டார்.

அவர் பக்கத்திலிருந்த இரண்டு கோப்புகளை இழுத்துத் திறந்து விரலால் தேடினார். அத்தையின் கோப்பு. சித்தப்பாவின் கோப்பு. பிறகு அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி.

“கதவு என்ன நிறம்?”

“நீலங்க.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். வெளியே இருந்த இருவரையும் உள்ளே கூப்பிடச் சொன்னார். மூன்று மனுக்காரர்கள், ஒருவருக்கொருவர் உறவில்லை என்று மூன்று மனுவிலும் எழுதியிருக்கிறது, மூன்று பேருக்கும் ஒரே பூட்டன், ஒரே கதவு. யாரோ சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறார்கள். கதை பொய்யென்றால் பத்திரங்களையும் அவர் சந்தேகிக்க வேண்டியிருக்கும். மொழிபெயர்ப்பாளர் இதைச் சொல்லிவிட்டு, தன் சொந்தக் கணக்கில், “கதவுக்குத் தனியா டிக்கட்டு எடுத்தாரா ஒங்க பூட்டன்?” என்றும் கேட்டார்.

சித்தப்பா வாய் திறந்தார். “அது பொதுப் பூட்டனுங்க. லயத்துக்கே அவரு ஒருத்தருதான்.”

“ஏன், ஒருத்தரு வீட்டுல மட்டுந்தான் கதவு இருக்குமா?” என்றார் அத்தை. “அப்ப எல்லாரும் கழட்டிக்கிட்டுத்தான் வந்திருப்பாங்க. எங்க பூட்டன் மட்டும் எளப்பமா?”

அம்மா சொன்னபடி சட்டி பானையைத் தூக்கி வந்திருந்தால் இவ்வளவு வம்பில்லை என்று எனக்குத் தோன்றியது. மூன்று கோப்புகளிலும் என்னுடைய நீலம் இருந்தது. நாவலாசிரியனாக வேண்டும் என்று ஆசைப்பட்டவனுடைய முதல் கற்பனை அரசாங்கக் கோப்பில் ஏறிவிட்டது. அதுவும் மூன்று பிரதிகள். இனி பேசாமலிருந்தால் மூன்று குடும்பங்கள் என் ஆங்கிலத்தால் கப்பலேறும். பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்து, எனக்குத் தெரிந்த மூன்று மொழிகளிலும் மாற்றி மாற்றி உண்மையைச் சொன்னேன். பேட்டரி தீர்ந்தது, பெயர்களை விட்டது, நிறத்தைச் சேர்த்தது வரை. சித்தப்பாவின் முகம் தொங்கிவிட்டது.

“பிரேசில்ல நடந்ததா அது?” என்று மெதுவாகக் கேட்டார். “நீ பூட்டன்னுதானே சொன்ன.”

அதிகாரி புத்தகத்தைப் புரட்டினார். கதவு வரும் பக்கத்தைக் கேட்டார், காட்டினேன். ஒரு பக்கம் படித்தார். அடுத்த பக்கமும் படித்தார். மூக்கைச் சிந்தினார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நாங்கள் நான்கு பேரும் நின்றுகொண்டிருந்தோம். பிறகு அப்பாவைப் பார்த்து, இதில் நீலம் என்றே இல்லையே என்றார்.

“அது பய சேத்ததுங்க” என்றார் அப்பா. கோட்டைச் சரிசெய்துகொண்டு, “ஐயா, எங்க பூட்டன் எப்பிடி வந்தாருன்னு நெசமாவே எனக்குத் தெரியாது. யாரும் எழுதி வைக்கல. சும்மா வந்தாருன்னு சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு. அதான்” என்றார்.

மொழிபெயர்ப்பாளர் இதைச் சொன்னபோது வேடிக்கை எதையும் சேர்க்கவில்லை. அதிகாரி படிவத்தை எடுத்து எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். பிறந்த இடம், வசித்த இடம், பிள்ளைகள், தொழில். அவ்வளவுதான். பூட்டனைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. மனுக்காரர்களோடு நாள் முழுக்கத் தேதிகளை மட்டுமே பேசி அலுத்துப்போய், எல்லோரிடமும் அந்தக் கேள்வியைச் சும்மா தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்பாராம்.

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. “அத மொதல்லயே சொல்லியிருந்தா நான் கதவத் தொட்டிருக்கவே மாட்டேனே.”

இருந்தாலும், சந்தேகம் என்று ஒன்று எழுந்துவிட்டதால் மேலதிகாரிக்கு விளக்கம் எழுத வேண்டும், அதற்குச் சான்று வேண்டும் என்றார். சான்று எது என்றால், புத்தகம். அதை எங்கள் கோப்போடு நூலால் கட்டினார்கள். அறுபது பக்கம் மிச்சம் என்று சொல்லிப் பார்த்தேன். காரியம் முடிந்ததும் திருப்பித் தருவதாகச் சொன்னார்.

அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் பத்திரம் சீக்கிரமே வந்தது. எங்களுக்கு வரவில்லை. ஒரு நாவல் சேர்ந்து கனத்துப்போன எங்கள் கோப்பு எந்த அடுக்கிலும் அடியில்தான் கிடக்கும் என்று நான் கற்பனை செய்துகொண்டேன். தலைமை ஆசிரியர் வாரம் ஒரு முறை என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அப்பா வேலை முடிந்து வந்ததும் பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்து மூடுவார். அம்மா மட்டும், “இன்னும் எத்தன பக்கம் இருக்காம் அதுல?” என்று கேட்டார், பக்கம் முடிந்தால் பத்திரம் வந்துவிடும் என்பதுபோல.

சாயங்காலங்களில் சித்தப்பாவும் அத்தையும் வருவது நிற்கவில்லை. பிரேசில் என்று தெரிந்த பிறகும் பூட்டன் அவர்களுக்குப் பூட்டன்தான். கடைசியில் கதவு என்ன ஆனது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். புத்தகம் கையில் இல்லாமல் நான் முடிவைச் சொல்லத் துணியவில்லை. ஒரு முறை கற்பனை செய்து பட்டது போதும்.

எட்டு மாதம் கழித்து நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அதே கறுப்புக் கோட்டு, அதே மாடி, அதே அதிகாரி. தடிமன் மட்டும் போயிருந்தது. பத்திரத்தை நீட்டினார். நான்கு பேர் பெயரும் இருந்தது. அப்பா பெருவிரலை மையில் தொட்டு வைத்துவிட்டுத் துடைத்துக்கொள்ளாமலே நின்றார்.

“போயிட்டு வாங்க” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

“ஒண்ணு கேக்கணுங்க” என்றார் அப்பா. “ஐயா அந்தப் பொஸ்தகத்தப் படிச்சு முடிச்சிருப்பாரு. பூட்டன் கதவு என்னா ஆச்சுன்னு கேளுங்க.”

அதிகாரிக்கு வெட்கமாகிவிட்டது. படித்துத்தான் இருந்தார். மனைவியும் படித்திருக்கிறாராம், இப்போது மனைவியின் தங்கையிடம் இருக்கிறதாம். கதவின் கதையை அவர் சிங்களத்தில் சொன்னார். ஐந்தாம் தலைமுறையில் ஒருவன் பட்டணத்துக்குப் போகிறான், படிக்கிறான். தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வரும்போது கதவை ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் விற்றுவிடுகிறான். அது ஒரு ஹோட்டலில் மேசையாகிறது. அவனே ஒரு நாள் அங்கே போய், அது என்னவென்று தெரியாமல் அதில் சாப்பிட்டுவிட்டு வருகிறான். அருமையான முடிவு என்றார் அதிகாரி.

பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பத்திரம் கோட்டின் உள்பையில் இருந்தது. சரியாக இருக்கிறதா என்று மூன்று தரம் தொட்டுப் பார்த்தார். நான் என் நிரந்தர நியமனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. நோர்வூட் கடந்த பிறகு என் பக்கம் திரும்பினார்.

“வித்துட்டானா?”

“ஆமாப்பா.”

“படிச்ச பய.” என்னை மேலும் கீழும் பார்த்தார். “அத லயத்துல சொல்லாத.”

லயத்துக்கு ஏறும் வழியிலேயே அத்தை கூடையோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சித்தப்பா. அம்மா வாசலில்.

“என்னாச்சு?” என்றார் அத்தை.

அப்பா பத்திரத்தை எடுக்கவில்லை. மூச்சு வாங்க நின்றார்.

“கதவ மாட்டிட்டாங்க” என்றார்.

“எங்க?”

“தோட்டத்துலதான். அந்தத் தொர போனதும், இருந்தத எடுத்துட்டு அத மாட்டிட்டாங்க. எல்லாம் சரியா பொருந்திருச்சாம்.”

சித்தப்பா, எனக்கு அப்பவே தெரியும் என்பதுபோலத் தலையாட்டினார். அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு கோட்டுப் பையைப் பார்த்தார், தேத்தண்ணி போட உள்ளே போனார். அத்தை மட்டும் விடவில்லை.

“எந்தப் பக்கம் தொறக்குது? உள்ளுக்கா, வெளியவா?”

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளன் நான்தானே.

“உள்ளுக்கு” என்றேன்.